மாத்திரையை விழுங்காத மதியம்

தூங்குகிறவன் எப்படிப் படுத்திருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூட அதை நான் பார்த்ததில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன், இடது கை தலையணைக்கு அடியில் போகும், அது வரைக்கும் தெரியும். வாய் திறந்திருக்குமா, குறட்டை எத்தனையாவது நிமிஷத்தில் ஆரம்பிக்கும், இதெல்லாம் சுகந்திக்குத்தான் வெளிச்சம். பதின்மூன்று வருஷம் பக்கத்தில் படுத்த பெண்டாட்டியை ஏமாற்றுகிற அளவுக்கு இன்றைக்குத் தூங்கிக் காட்ட வேண்டும். மணி இரண்டு ஐந்து. மாத்திரை வயிற்றில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது. கீழே கைலி, மேலே இஸ்திரி போட்ட சட்டை, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவனின் சீருடை இதுதான். சட்டைக்குப் பை இருப்பது இன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல ஒரு கையில் சைனஸ் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர் என்று வந்து நின்றாள். "போட்டுக்கங்க" என்றாள். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்தேன். "போட்டாச்சு" என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு ஒரு நொடி நின்றாள். ஏன் நின்றாள்? தினமும் நிற்கிறாளா, இன்றைக்கு மட்டும் நின்றாளா? யோசித்துப் பார்த்தால் தினமும்தான் நிற்கிறாள். மூக்கடைப்புக்கு மாத்திரை கொடுக்கிற ஒருத்தி, அது தொண்டையில் இறங்குகிற வரைக்கும் எதற்குக் காவல் நிற்க வேண்டும்? சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், ராத்திரியும் போடலாம் என்று டாக்டர் சொன்னார். மதியம் போட்டால்தான் நல்லது என்று முடிவு செய்தவள் இவள். நர்ஸாக இருந்தவள் சொல்கிறாளே என்று நானும் மறுபேச்சு பேசாமல் முழுங்கிக்கொண்டிருந்தேன். முழுங்கிய பத்தாவது நிமிஷம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும், அடித்துப் போட்டது போலத் தூங்குவேன், இரண்டே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். அந்த நாற்பது நிமிஷத்தில் இந்த அறையில் யார் என்ன செய்தாலும் எனக்குத் தெரியாது. யானையைக் கொண்டுவந்து கட்டினாலும் தெரியாது. இதை இவ்வளவு நாள் யோசிக்கவே இல்லையே.

பதினோரு மணிக்கு நிவேதன் போன் பண்ணினான். எங்கள் டீமுக்குத் தலைவன். இருபத்தொன்பது வயசு, என்னை சார் என்று கூப்பிடுகிற மேலதிகாரி. "ஒண்ணும் இல்ல சார், சும்மாதான்" என்று ஆரம்பித்தான். ஒன்றும் இல்லாதவன் எதற்குப் போன் பண்ணுகிறான் என்று அப்போதே காது விடைத்துக்கொண்டது. "டெய்லி ரெண்டு அஞ்சுலேந்து ரெண்டு நாப்பதுக்குள்ள உங்க லாகின்ல பன்னெண்டு, பதினஞ்சு கரெக்‌ஷன் நடக்குது சார். அத்தனையும் கரெக்டா இருக்கு. என்ன சார் சீக்ரெட்டு?" எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஆனால் வாய் அதுபாட்டுக்கு, "சாப்ட்டுட்டு ஒரு தடவ எல்லாத்தையும் பாப்பேன் தம்பி" என்றது. ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நேரம் நான் தூங்குவேன் என்று சொல்ல முடியாது என்பதால் இருக்கலாம். மேஜையில் கணினியின் எலியை அசைக்காமல் கால் மணி நேரம் இருந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். என் புள்ளி மதியத்தில் மஞ்சளானதே இல்லை என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். முட்டாள், முட்டாள். தூங்குகிறவனின் புள்ளி ஏழு மாசமாகப் பச்சையாகவே எப்படி இருக்கும் என்று ஒரு நாள் தோன்றவில்லையே. "சூப்பர் சார்" என்றான் நிவேதன். "அந்த வீடா ஆபீஸா ஃபாரத்த அனுப்பிச்சிட்டீங்களா? அஞ்சு மணி லாஸ்ட்" என்றான். இரண்டையும் ஒரே மூச்சில் ஏன் கேட்டான்? ஃபாரத்துக்கும் கரெக்‌ஷனுக்கும் என்ன சம்பந்தம்? அவனே ஆபீஸிலிருந்து என் கணினிக்குள் நுழைந்து திருத்திவிட்டு, நான் என்ன பதில் சொல்கிறேன் என்று ஆழம் பார்க்கிறானோ? நான் ஆமாம் என்று சொன்னால் பொய்யன், இல்லை என்று சொன்னால் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் வழுக்குகிற மாதிரி பாசி பிடித்த கேள்வியாகப் பார்த்துக் கேட்டிருக்கிறான். ஆனால் நிவேதனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் உண்டா? அவனுக்கு நேரமே கிடையாது, பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகிறது, போனில் அழுகை கேட்டது. அந்த அழுகையே வேண்டுமென்று வைத்ததாக இருந்தால்? சே, என் புத்தி போகிற போக்கைப் பார்.

சமையலறையில் குழாய் ஓடுகிறது. பாத்திரம் தேய்க்கிறாள். குக்கர் மூடி, அதற்குப் பின் கரண்டிகள் ஒன்றாக. இந்தச் சத்தங்களை எல்லாம் கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை பார்க்க வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதைத்தான் ஃபாரத்தில் எழுதலாமா என்று காலையில் யோசித்தேன். இரண்டு வட்டம் கொடுத்திருக்கிறார்கள், ஒன்று வீடு, ஒன்று ஆபீஸ், ஏதாவது ஒன்றில் புள்ளி வைக்க வேண்டும். கீழே பெரிய கட்டம்: நீங்கள் தேர்ந்தெடுத்ததில் உள்ள நன்மைகளை எழுதுக. ஐந்தாம் வகுப்புக் கட்டுரை மாதிரி. வீடு என்பதில் புள்ளி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். முதல் நன்மை, உறையூரிலிருந்து ஆபீஸுக்கு இரண்டு பஸ், போக வர இரண்டு மணி நேரம் மிச்சம். எழுதிவிட்டு அழித்தேன். மிச்சமான இரண்டு மணி நேரத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள், கூட முப்பது சார்ட் பார் என்பார்கள். இரண்டாவது, ஆபீஸ் ஏசி எனக்கு ஆகாது, சைனஸ். அதையும் அழித்தேன். வியாதிக்காரன் என்று நானே எழுதிக் கொடுப்பானேன். மூன்றாவது, குடும்பத்தோடு இருக்கலாம். இதை எழுதினால் வேலை பார்ப்பதில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். இப்படி ஒவ்வொரு நன்மையையும் திருப்பிப் பார்த்தால் பின்னால் ஒரு குச்சி இருக்கிறது, அடிப்பதற்கு. கடைசியில் ஒன்றுதான் அசைக்க முடியாமல் நின்றது: வீட்டின் அமைதியில் கவனம் கூடுகிறது, தவறு குறைகிறது, தொண்ணூற்றொன்றாக இருந்த என் துல்லியம் ஏழு மாசமாகத் தொண்ணூற்றெட்டு. இது சத்தியம், அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து எழுதுகிற குறிப்பை, அதுதான் சார்ட், படித்து, என்ன நோய், என்ன வைத்தியம் என்பதை எண்ணும் எழுத்துமான குறியீடாக மாற்றுவது என் வேலை. அதை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை, மூன்று எச்சரிக்கை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; வீட்டிலேயே இருக்கிறவனை எங்கே அனுப்புவார்கள் என்று சுகந்தி ஒரு தடவை கிண்டல் பண்ணினாள். பொங்கலுக்கு முன்னால் எனக்கு இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அதற்கப்புறம் நானே ஆச்சரியப்படுகிற மாதிரி ஏறியது. தம் கட்டிப் பார்க்கிறேன், அதுதான் ஏறுகிறது என்று நினைத்தேன். காலர் தூக்கிவிட்டுக்கொண்டேன். காலையில் பார்க்கிற சார்ட்டுகளை நான் உடனே அனுப்ப மாட்டேன். அனுப்பிவிட்டால் திருத்த முடியாது. வரைவாக வைத்துவிட்டு, சாப்பிட்டு, தூங்கி, டீ குடித்து மூன்று மணிக்கு மொத்தமாக அனுப்புவேன். அந்த வரைவில்தான் யாரோ கை வைக்கிறார்கள். ஆக, என் தொண்ணூற்றெட்டு என்னுடையது இல்லை. இன்னொன்று, அதைவிட மோசம்: நோயாளியின் குறிப்பை என்னைத் தவிர வேறு யாரும் வீட்டில் பார்க்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பார்த்தது தெரிந்தால் எச்சரிக்கை எல்லாம் கிடையாது, அன்றைக்கே சீட்டுக் கிழியும். நாற்பத்தாறு வயசில் விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? மகள் யாழிசை ஆறாவதுதான் படிக்கிறாள்.

குழாய் நின்றுவிட்டது. ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு ஒரு தடவை அடித்துக்கொண்டது. யாரோ வந்து கொக்கியை மாட்டினார்கள். யாரோ என்ன யாரோ, இந்த வீட்டில் இப்போது இருப்பது இரண்டே பேர், அதில் ஒருவன் தூங்குகிறான். மாட்டிவிட்டு அவள் போகவில்லை, நிற்கிறாள். என் முதுகில் பார்வை ஊர்வது தெரிகிறது. மூச்சை இழுத்து விடு, நிதானமாக, ஒன்று, இரண்டு. மூச்சு என்பது கவனிக்காத வரைக்கும்தான் ஒழுங்காக ஓடும் போலிருக்கிறது. இப்போது எது உள்ளே, எது வெளியே என்று தடுமாறுகிறது. நாற்காலியை இழுக்கிற சத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் நாற்காலி நகர்ந்துவிட்டது, அந்த பிளாஸ்டிக் முனகலில் தெரிந்தது. இழுக்காமல் தூக்கி வைத்திருக்கிறாள். எவ்வளவு பழகிய கை இருந்தால் சத்தமில்லாமல் தூக்கி வைக்கும். எலி நகர்கிறது. பாஸ்வேர்டு தட்டுகிறாள், மகள் பெயரும் பிறந்த வருஷமும், அதை நான் ஒளித்ததே இல்லை. அப்படியானால் இவள்தான். ஆபீஸ் இல்லை, நிவேதன் இல்லை. பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை, நெஞ்சுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. சார்ட்டைத் திருத்துகிறாளா? இவளுக்கு எதற்கு அந்த வேலை? போனில் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று என் கணினியில் உட்கார்ந்து யாருக்கோ எழுதுகிறாள், அப்படியே சந்தேகம் வராமலிருக்க என் சார்ட்டையும் நாலு தட்டுத் தட்டி வைக்கிறாள். யாருக்கோ என்ன யாருக்கோ. பெலிக்ஸுக்கு.

அந்தப் பெயரை நினைத்துவிட்டேன். நினைக்கக் கூடாது என்று பதினோரு மணியிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தேன், கடைசியில் கால் அங்கேயே போய் நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் சுகந்தி மூன்று வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சை வார்டில் வேலை பார்த்தாள். பெலிக்ஸ் அங்கே ஆண் நர்ஸ். கல்யாண ஆல்பத்தில் நாலு நர்ஸ்களோடு கடைசியில் நிற்கிறான், எல்லாரும் கேமராவைப் பார்க்கும்போது அவன் மட்டும் வேறு எங்கோ பார்த்துச் சிரிக்கிறான். எங்கே பார்க்கிறான் என்று அந்தப் படத்தை நான் எத்தனை தடவை அளந்திருப்பேன் என்பதைச் சொன்னால் வெட்கக்கேடு. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். போனில் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யாரு என்றேன். "பெலிக்ஸுங்க. எங்க வார்டுல இருந்தான்ல" என்றாள். அண்ணன் என்று பின்னால் ஒட்டவில்லை, கவனித்தேன். "இன்னும் பேச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டேன், அவ்வளவுதான், குரலைக்கூட உயர்த்தவில்லை. அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்தப் பெயர் இந்த வீட்டில் வரவில்லை. நான் சொன்னதும் நிறுத்திவிட்டாள் என்று முதலில் பெருமையாக இருந்தது. பிறகு யோசித்தேன், ஒன்றுமில்லாத பேச்சை யாராவது நிறுத்துவார்களா, நிறுத்தினாள் என்றால் நிறுத்தும்படியாக ஏதோ இருந்தது என்றுதானே அர்த்தம். நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்திருந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்திருப்பேன் என்பது எனக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இதெல்லாம் பஸ்ஸில் ஏறும்போது வரும், இறங்கும்போது போய்விடும். வீட்டிலேயே உட்கார்ந்த பிறகு போவதற்கு இடமில்லை. பகலில் இந்த வீட்டுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது, நான் வந்ததும் அது வாயை மூடிக்கொண்டது. முன்பெல்லாம் பகலில் பாடுவாள் என்று கீழ்வீட்டு அம்மாள் ஒரு தடவை சொன்னார். நான் கேட்டதே இல்லை. துணி எடுக்க மாடிக்குப் போனால் போனையும் எடுத்துக்கொண்டு போகிறாள். இதையும் நன்மைகளில் சேர்க்கலாம்: வீட்டிலிருந்து வேலை பார்த்தால் மனைவியைக் கவனிக்கலாம். நிவேதன் படித்துவிட்டு, ரொம்ப அன்பான மனுஷன் என்பான்.

தட்டுகிறாள். நான் தட்டுகிற மாதிரி இரண்டு விரலால் இல்லை, சரளமாக. கொஞ்சம் தட்டல், ஒரு நிறுத்தம், ஒரு கிளிக். எழுதுகிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், படிக்கிறாள். பேச்சின் தாளம்தான் இது, வேறு என்ன? "ப்ச்" என்றாள். கட்டிலில் ஈரத் துண்டைப் போட்டால் எனக்கு விழுகிற அதே ப்ச். அது என் சொத்து என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் கழித்து, "அய்யோ பாவம்" என்றாள், மெல்ல, உதட்டுக்குள். யாருக்கு என்ன பாவம்? அவன் ஏதோ கஷ்டத்தைச் சொல்கிறான், இவள் உருகுகிறாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படி ஓர் அய்யோ பாவம் வந்ததா? தெர்மாமீட்டரைச் சொருகிவிட்டுப் போய்விட்டாள். தலையணைக்கு அடியில் கை மரத்துப்போய் எறும்பு ஊர்கிறது. அசைக்க முடியாது. மூக்கு வேறு அடைக்க ஆரம்பித்துவிட்டது, மாத்திரை பையில் இருந்தால் மூக்கு எப்படித் திறக்கும். அப்போது அவள் முணுமுணுத்தாள்: "மெட்ஃபார்மின் போயிட்டிருக்கு. அப்ப சுகர் இருக்குதானே. அத ஏன் விட்டாரு." எனக்குக் குழப்பமாகிவிட்டது. காதல் பண்ணுகிற இடத்தில் மெட்ஃபார்மினுக்கு என்ன வேலை? ஆனால் புத்தி விடுகிறதா, இரண்டு பேரும் நர்ஸ், நர்ஸும் நர்ஸும் பேசினால் சர்க்கரை மாத்திரையைப் பற்றித்தான் பேசுவார்கள், அவனுக்கே சர்க்கரை வந்திருக்கலாம் என்கிறது. அத ஏன் விட்டாரு. விட்டாரு. மரியாதையாகப் பேசுகிறாள். பெலிக்ஸை அவள் அவன் என்றுதானே சொல்வாள். அப்படியானால் அந்த அவர் யார்? சர்க்கரையைக் குறிக்காமல் விட்ட அந்த அவர் இந்த அறையில் யாராக இருக்க முடியும்? காலையில் எழுபத்தைந்து வயசுக் கிழவர் ஒருவரின் சார்ட் பார்த்தேன், மருந்துப் பட்டியலைக் கடைசிவரை படித்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது.

"திரும்பிப் படுங்க. கை மரத்துப்போயிருக்கும்" என்றாள் சுகந்தி.

நான் அசையவில்லை. அசையாமல் இருப்பதுதான் பிழை என்று தெரிந்தும் அசையவில்லை.

"மாத்திரைய வாயில ஒதுக்கறவங்கள வார்டுல எத்தன பேரப் பாத்திருக்கேன். பாக்கெட்டுல கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும், எடுத்து வெளிய வைங்க."

எழுந்து உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் சார்ட்தான் இருந்தது, வேறு எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் நான் எழுதி வைத்த ஃபாரம் திறந்தபடி கிடந்தது.

"என்ன பண்றே?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடத் தடியாக வந்தது.

"பாத்தா தெரியலயா? உங்க தப்பத் திருத்தறேன். இந்தம்மாவுக்குப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்ல கட்டி. ஆபரேஷன் ஆயி, சரியாப் போயி, இப்ப முட்டி வலின்னு வந்திருக்காங்க. நீங்க புத்துநோய் இப்பவும் இருக்குன்னு போட்டிருக்கீங்க. தெனமும் இதேதான். முடிஞ்சு போனத இருக்கறதாவே போடறீங்க."

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடி ஒரு மெயில் வந்துச்சே, தொண்ணூத்தொண்ணுன்னு. அன்னிக்கு ராத்திரி நீங்க சாப்பிடல. மறுநாள்லேர்ந்து."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விடுவீங்களா? கௌரவம் இடிக்கும்." ஒரு கிளிக். "அப்புறம், எனக்கும் புடிச்சிருந்துச்சு. நாப்பது நிமிஷம் யாரோ ஒரு நோயாளிக்கு நானும் ஏதோ பண்றேன்னு. பதிமூணு வருஷம் ஆச்சுல்ல."

"யாருக்காவது தெரிஞ்சா வேல போயிடும் சுகந்தி. நிவேதன் காலையில கேட்டுட்டான்."

"தெரியும். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர பீரோவுல எடுத்து வச்சதே நான்தானே. தொண்ணூத்தொண்ணுலயே நின்னாலும் போயிடும்னுதான் பண்ணேன்."

அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்வானேன், முதலில் வந்தது நன்றிகூட இல்லை, அப்பாடாதான். அதற்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது. ஏழு மாசம் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட தொண்ணூற்றெட்டில் என் பங்கு பழைய தொண்ணூற்றொன்று, மீதி இவள் பாத்திரம் தேய்த்த ஈரக் கையால் போட்டது. ஃபாரத்தில் எழுதியிருந்த நன்மையை மறுபடி படித்தேன். வீட்டின் அமைதியில் கவனம் கூடுகிறது. அவளும் அதைப் படித்திருப்பாள். அப்போது நாற்காலியோடு திரும்பினாள். நல்ல உத்தியோகத்தில் இருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரைய ஒதுக்கிட்டு அரை மணி நேரமா காதத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கீங்களே, யாருன்னு நெனச்சீங்க?"

"ஆபீஸ்லேந்து யாரோ உள்ள வர்றாங்கன்னு நெனச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். வார்டில் நோயாளி உண்மையைச் சொல்கிற வரைக்கும் இப்படித்தான் நின்றிருப்பாள் போல. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், பதினோரு வருஷமாகப் பல்லுக்கு இடையில் வைத்திருந்ததை நானே துப்பிவிட்டேன்.

"பெலிக்ஸோன்னு நெனச்சேன்."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். கத்தினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் எலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெலிக்ஸ் செத்து நாலு வருஷமாச்சுங்க" என்றாள்.

"எப்படி?" என்றேன்.

"கொரோனா ரெண்டாவது அலையில. எங்க வார்டுலயேதான். அவன் பாத்துக்கிட்டிருந்த பெட்டுலயே அவனப் போட்டாங்களாம். ரெண்டு பிள்ளைங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன கேப்பீங்க? இன்னும் பேச்சு வச்சிருந்தியான்னு கேப்பீங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள், கடைக்குப் போனால் என்ன விலை சொல்வான் என்பது போல. "நான் பேசவே இல்ல. நீங்க கேட்ட அன்னியோட விட்டுட்டேன். அவன் செத்தது வார்டு குரூப்புல வந்த போட்டோவப் பாத்துத்தான் தெரியும். அழக்கூட முடியல. நீங்கதான் நாள் பூரா வீட்டுலயே இருந்தீங்களே. ஒரு தடவ பாத்ரூம்ல கொழாயத் தெறந்து விட்டுட்டு ஒக்காந்தேன். டேங்க் காலியாயிடும்னு கதவத் தட்டுனீங்க."

தட்டினேன். ஞாபகம் இருக்கிறது. மூன்று தடவை தட்டினேன். தண்ணீர் சத்தம் மீட்டிங்கில் கேட்கிறது என்றும் சொன்னேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டாள், நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல் தலையாட்டினேன். அவள் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்றுதான் அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

அலாரம் அடித்தது. அவளே கையை நீட்டி அணைத்தாள். "காத்து தூக்குது, துணி பறந்துடும். இன்னும் எட்டு சார்ட் இருக்கு, பட்டியல முழுசாப் படிச்சுப் பாருங்க" என்று எழுந்தாள். மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. போன் மேஜையிலேயே இருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை உணர்ந்தபோது எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது. அவள் போனையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்றிருந்தது. மேலே ரொம்ப நேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. துணி எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

நாற்காலியில் உட்கார்ந்து ஃபாரத்தை இழுத்து முன்னால் வைத்தேன். கட்டத்தில் இருந்ததை எல்லாம் அழித்தேன். புள்ளியை வீட்டிலிருந்து எடுத்து ஆபீஸில் வைத்தேன். ஆபீஸ் மேஜையில் எனக்கு மதியத் தூக்கமும் கிடையாது, பின்னால் வந்து திருத்த ஆளும் கிடையாது. தொண்ணூற்றொன்று திரும்பி வரும், மூன்றாவது எச்சரிக்கையும் வரும். வந்தால் சுகந்தியிடம் சொல்ல வேண்டும், கற்றுக்கொடு என்று கேட்க வேண்டும். கேட்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நன்மைகள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபாரம் நகரவில்லை, அதனால் சொந்தக் காரணம் என்று இரண்டு வார்த்தை போட்டேன். எந்தத் தேதியிலிருந்து ஆபீஸுக்கு வருகிறீர்கள் என்று அடுத்துக் கேட்டது. அடுத்த மாசம் ஒன்றாம் தேதி வரைக்கும் அவகாசம் கொடுத்திருந்தார்கள். நாளை என்று போட்டேன்.